சமுகமளித்தோர் பதினைந்து பேர்

14.6.1995, புதன்

பேப்பர் இன்றைக்குப் பத்தரைக்குத்தான் வந்தது. கடதாசித் தட்டுப்பாடு, கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்த நாலே பக்கம். மேசையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் இரண்டு பக்கமும் கல் வைத்தேன். எட்டு மணிக்கு வாசிகசாலையைத் திறப்பது, கூட்டுவது, பேப்பர் விரிப்பது, பன்னிரண்டுக்குப் பூட்டுவது. மாதக் கூட்டம் நடந்தால் அறிக்கை எழுதுவது. என் வேலை இவ்வளவுதான்.

காரியதரிசியாக இருந்த நடராசா அண்ணை கனடாவுக்குப் போனபின், "தவமலருக்கு நல்ல கையெழுத்து" என்று தலைவர் சோமசேகரம் மாமா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். அப்பா ஓம் என்றார். என்னைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் வந்திருக்கும். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். பிறகு கதைக்க வேண்டும்.

அறிக்கையை நான் எழுதுவேன், மாமா வாசிப்பார். எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் மாணவர் மன்றம். நான் செயலாளர். எழுதுவது நான், எழும்பி நின்று வாசிப்பது என் சினேகிதி செல்வநாயகி, செல்வி. ஒருநாள் டீச்சர், "செயலாளர்தான் வாசிக்கவேணும்" என்று சொல்லிவிட்டார். எழும்பினேன். கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் வாங்கிலிருந்து செல்வி, "டீச்சர், அவ எழுதிக் களைச்சுப் போனா. நான் வாசிக்கிறன்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

செல்வி கொழும்புக்குப் போய் மூன்று வருடம். நான் பள்ளிக்கூடத்தை விட்டும் மூன்று வருடம்.

17.6.1995, சனி

அம்மா ஊன்றுகிற பொல்லு இல்லாமல் குசினி வரைக்கும் நடந்தார். அந்த இடுப்பெலும்பு மூன்று வருடம் முந்தி முறியாமல் இருந்திருந்தால் – வேண்டாம், அதை எழுதினால் அம்மாவைக் குற்றம் சொல்வது போல் ஆகிவிடும்.

11.7.1995, செவ்வாய்

நேற்றிலிருந்து றோட்டு நிறையச் சனம். மேற்குப் பக்கத்து ஊர்களை ஆமி பிடித்துவிட்டதாம். சைக்கிளில் கோழி, தலையணை, சுவாமிப் படம். எங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பின்னேரம் அப்பா எங்கள் தோட்டத்துக் கதலி வாழையில் இரண்டு குலை வெட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். எட்டாம் வகுப்பு அறையில் ஐந்து குடும்பம். கரும்பலகையின் மேல் சட்டத்தில் பிள்ளைகளின் உடுப்புக் காய்கிறது. நானும் செல்வியும் இருந்த மூலையில் ஒரு அக்கா பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தா. பேர் பூரணம், ஊர் சண்டிலிப்பாய். "பாத்துக்கொண்டு நிக்காமல் இரும் பிள்ளை" என்றா, தன் வீடு போல. என் இடத்தில் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தேன்.

22.7.1995, சனி

பள்ளிக்கூடக் கிணறு உவர். வாயில் வைக்க முடியாது. அதனால் எல்லாரும் வாசிகசாலைக் கிணற்றுக்கு வருகிறார்கள். விடிய நான் திறக்கும்போதே குடங்கள் வரிசையாய் இருக்கும். பூரணம் அக்காவின் சின்ன மகள் சுதா பேப்பர் மேசையில் ஏறியிருந்து எழுத்துக் கூட்டுகிறாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. வாசிகசாலைக்குப் பள்ளிக்கூடச் சத்தம் வந்துவிட்டது.

ஆனால் தண்ணீர் இறங்கிவிட்டது, அதுவும் உண்மை. ஒன்பதாம் படி தெரிகிறது. கிணற்றடி சேறு. பொருளாளர் கதிரவேலர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பிள்ளை, உவை என்ன ஆக்கள் எண்டு விசாரிச்சனீரோ?"

"சண்டிலிப்பாய் ஆக்களாம்" என்றேன்.

"நான் ஊரைக் கேக்கேல்லை."

அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். ஒரே கயிற்றில் யார் யாருடைய கை படலாம் என்ற கணக்கு. தெரியாதது போல் பேப்பரை மடித்தேன்.

30.7.1995, ஞாயிறு

கூட்டம். கிணற்று விசயம். வந்தது என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.

கதிரவேலர் பிரேரித்தார்: வாளியும் கயிறும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும், அங்கத்தவர் கேட்டால் மட்டும் கொடுக்கவேண்டும். "இப்பிடியே அள்ளினால் ஆவணிக்குள்ளை எங்கடை கிணறும் உவராப் போம். பிறகு எல்லாரும் சேந்து கடலைக் குடிப்பம்" என்றார். 'ஆக்கள்' பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். சோமசேகரம் மாமா கனநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, தண்ணி இறங்கினது உண்மைதானே" என்றார்.

வாசிகசாலை யாப்பில், விதிகள் எழுதிய புத்தகத்தில், கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும் என்று இருக்கிறது. கூட்டம் கலைந்தபின், பயந்து பயந்து அந்தப் பக்கத்தைத் திறந்து மாமாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போடவேயில்லை.

"பதினைஞ்சு எண்டு போடும் பிள்ளை. சனம் வராட்டில் அது எங்கடை பிழையே? ஒரு ஆறு பேரைச் சேத்து எழுதும். ஆர் பாக்கப் போகினம்?"

நான் ஓம் என்றேன்.

31.7.1995, திங்கள்

எழுதிவிட்டேன்.

ஒன்பது பேரையும் எழுதியபின் பேனை நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் யாருடைய பேரைப் போட்டாலும், நான் வரவேயில்லையே என்று நாளைக்குக் கேட்பார்கள். அங்கத்தவர் பதிவைத் திறந்தேன். பாதிப் பேருக்கு நேரே பென்சிலில் கனடா, லண்டன், சுவிஸ், கொழும்பு. கேட்க வரமாட்டார்கள். நடராசா அண்ணையை எழுதினேன். அவர் தம்பி, இரண்டு தமக்கைமார். பிறகு செல்வநாயகி. அவளும் கனிட்ட அங்கத்தவர்தானே. அந்தப் பேரை எழுதியபோது கொஞ்சம் சந்தோஷமாய்க்கூட இருந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு ஒரே அறிக்கையில் அவளும் நானும்.

ஒரு பேர் இன்னும் வேண்டும். நினைக்காமலே கை எழுதிவிட்டது. சீவரத்தினம் மாமா.

ஒவ்வொரு கூட்டத்திலும் வாசல் கதிரை அவருடையது. வாசலில் இருக்கிற மண்பானைக்கு விடியத் தண்ணீர் நிரப்பி, மூடி, மேலே குடிக்கிற தகரப் பேணி கவிழ்த்து வைப்பவரும் அவர்தான். அந்தக் கதிரை ஞாபகத்தில் எழுதிவிட்டேன். தையில் செத்துப்போனார்.

அந்தப் பேரை வெட்டவில்லை. பதினைந்து ஆகிவிட்டது.

"ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

1.8.1995, செவ்வாய்

வாளி அலுமாரிக்குள். அலுமாரியைப் பூட்டிய திறப்பு என்னிடம்.

பூரணம் அக்கா குடத்தோடு வந்தா.

"பிள்ளை, வாளியைக் காணேல்லை."

"உள்ளுக்கை இருக்குது."

"எடுத்துத் தாருமன்."

நிலத்தைப் பார்த்தேன். "அங்கத்தவருக்கு மட்டும்தான் குடுக்கலாமாம்."

அக்கா அலுமாரியை ஒருதரம் பார்த்தா. பிறகு சிரித்தா. "எங்கடை ஊரிலையும் ஒரு வாசிகசாலை இருக்குதடி பிள்ளை. அதிலை நான் அங்கத்தவர். இஞ்சை செல்லுமே?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுமையாய்ப் போனா. சுதா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

என்ரை வாயிலை என்ன இருந்தது? ஏன் ஒண்டும் சொல்லேல்லை நான்? பூட்டினது அவையள் எண்டு சொல்லலாம். எழுதினது ஆர்? திறப்பு ஆற்றை கையிலை கிடக்குது?

6.8.1995, ஞாயிறு

பழைய கொப்பிகளைக் கிளறினேன். எட்டாம் வகுப்புச் சமூகக்கல்விக் கொப்பி கிடைத்தது. ஓரங்களை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது.

அந்தப் பாடம் நல்ல ஞாபகம். டீச்சர் கரும்பலகையின் நடுவில் கோடு இழுத்து, ஒரு பக்கம் 'அரசு தரும் உரிமை', மறுபக்கம் 'பிறப்போடு வரும் உரிமை' என்று எழுதினார். "பிறக்கேக்கையே கூட வாறதுக்கு உதாரணம் சொல்லுங்கோ பாப்பம்." செல்வி கையை உயர்த்தினாள். "தவமலரின்ரை கூச்சம், டீச்சர்." டீச்சரே சிரித்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது, ஓட்டிலிருந்து என் மேசையில் ஒரு துளி விழுந்தது, செல்வி அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். உயிர். மூச்சு. பசித்தால் சாப்பாடு. விடாய்த்தால் தண்ணீர். டீச்சர் எல்லாவற்றையும் எழுதினார். இப்போது உடுப்புக் காய்கிற அதே பலகைதான்.

கொப்பியில் என் கையெழுத்தில் இருக்கிறது:

"ஆளப்படுவோரின் சம்மதமே ஆட்சியின் அத்திவாரம். ஆள்வோரும் சட்டத்துக்கு உட்பட்டவரே. பிறப்போடு வரும் உரிமைகளை அரசு தருவதில்லை. எனவே எடுக்கவும் முடியாது. காப்பதற்கே அரசு."

பரீட்சைக்குப் பாடமாக்கினேன். பத்துக்கு ஒன்பது. இது ராசாக்களுக்கும் மந்திரிமாருக்கும் எழுதியது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வாசிகசாலைக்கும் ஒரு வாளிக்கும் பொருந்துமா? ஏன் பொருந்தாது?

சம்மதம் – ஒன்பது பேருடையது. மிச்சம் கனடாவிலிருந்தும் சுடலையிலிருந்தும் நான் வாங்கிக் கொடுத்தது.

9.8.1995, புதன்

இன்றைக்குக் களவாகக் கொடுத்தேன். பதினொரு மணி, ஒருவரும் இல்லை. பூரணம் அக்கா இரண்டு குடம் அள்ளினா. அள்ளும்போது மதிலை, கேற்றை, றோட்டைப் பார்த்துப் பார்த்து அள்ளினா. கப்பிச் சத்தத்துக்குப் பல்லைக் கடித்தா. போகும்போது, "உமக்குப் புண்ணியம்" என்றா.

அந்தச் சொல் நாள் முழுக்கக் குத்துகிறது. தண்ணீர் கொண்டுபோகிற மனுசி ஏன் கள்ளி மாதிரிப் பார்க்கவேண்டும்? நான் கொடுத்தால் அது என் தயவு. நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால்? என்னைவிடப் பயந்த ஒருத்தி இந்தத் திறப்பை வைத்திருந்தால்?

13.8.1995, ஞாயிறு

சுதாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றோட்டம். தண்ணீர் இறைக்கிற நேரம் தோட்டத்து வாய்க்காலில் குனிந்து குடித்தாளாம். அப்பாதான் வந்து சொன்னார். "எங்கடை வாய்க்காலோ, பக்கத்துத் தோட்டமோ தெரியேல்லை" என்றார், சாப்பிடாமல் கை கழுவிவிட்டு.

15.8.1995, செவ்வாய்

சுதாவுக்கு சேலைன் ஏறுகிறது. எழும்பி இருக்கிறாளாம். பிள்ளையாரே.

26.8.1995, சனி

நாளைக்குக் கூட்டம். பங்கீட்டு மண்ணெண்ணெய்க்குப் பதிவதும் வாசிகசாலையில் நாளைக்கு என்பதால் எல்லாரும் வருவார்கள். வழக்கமாகச் சோமசேகரம் மாமா அறிக்கையை வாசிக்கும்போது பேர்களை வாசிப்பதில்லை. "சமுகமளித்தோர் பதினைந்து பேர், பெயர் பதிவிலை கிடக்கு" என்று தாண்டிவிடுவார். பிறகு ஒருவர் சரி என்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், மாமா கையெழுத்து வைப்பார். அதற்குப் பிறகு அது நடந்த கூட்டம். என் பொய் உண்மையாகிவிடும்.

வாழைத்தோட்டத்துக்குள் போய்ப் பேர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது பேரில் குரல் போய்விட்டது. செல்வி, நீ இருந்திருந்தால் –

27.8.1995, ஞாயிறு

ஒழுங்காய் எழுதப் பார்க்கிறேன்.

இருபத்திரண்டு பேர். கதிரை காணாமல் வாங்கு வைத்தோம். மாமா அறிக்கைப் புத்தகத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "நான் வாசிக்கிறன் மாமா" என்றேன். அவருக்கு முதலில் கேட்கவேயில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

தொடங்கினேன். கதிரவேலர், "நுளம்பு இரையிற மாதிரிக் கிடக்கு, கொஞ்சம் சத்தமாய்" என்றார். சிரித்தார்கள். வேறு நாளென்றால் அதோடு கதிரையில் இருந்துவிடுவேன். இன்றைக்கு இருக்கவில்லை. "சமுகமளித்தோர்" என்று விட்டு ஒவ்வொரு பேராக வாசித்தேன்.

பத்தாவது, நடராசா.

"ஆர், கனடா நடராசாவோ?"

"காலமை பிளேனிலை வந்து கையை உயத்திப்போட்டுப் பின்னேரம் போட்டாராக்கும்."

"எங்களுக்கு ஒரு சொக்கிளேற்றும் தராமலோ!"

வாசிகசாலை குலுங்கியது. நான் நிற்பாட்டவில்லை. அவர் தம்பி, இரண்டு தமக்கைமார், ஒவ்வொரு பேருக்கும் சிரிப்பு. செல்வநாயகி என்ற பேரை மட்டும் மெதுவாய் வாசித்தேன். பதினைந்தாவது பேரை வாசித்தேன்.

சீவரத்தினம்.

சிரிப்பு அறுந்துவிட்டது. பின் வாங்கில் அவருடைய மனுசி சிவக்கொழுந்து மாமி இருந்தா. நான் அவவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விழுந்திருப்பேன்.

"எந்தத் தீர்மானத்துக்குப் பிள்ளை அந்த மனுசன் கை உயத்தினது?"

"வாளியைப் பூட்டிறதுக்கு, மாமி."

"அந்தாளோ?" மாமி எழும்பிவிட்டா. "றோட்டாலை போற மாட்டையும் மறிச்சுத் தண்ணி வைக்கிற மனுசன். அந்தாளின்ரை செத்த கையைத் தூக்கிவிட்டது ஆர்?"

"எழுதினது நான்தான், மாமி. பதினைஞ்சு பேர் வரேல்லை. ஒன்பது பேர்தான் வந்தது. மிச்சம் பொய். நான்தான் எழுதினது."

மாமா சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சோமசேகரம் மாமா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளையைப் பேசாதேங்கோ. எழுதச் சொன்னது நான்" என்றார்.

கதிரவேலர்தான் விடவில்லை. "சரி, அந்தக் கூட்டம் கூட்டமில்லை. இப்ப இருபத்திரண்டு பேர் இருக்கினம். முறைப்படி இப்ப கை உயத்துங்கோ. கதை முடிஞ்சுது."

இதை நான் யோசிக்கவேயில்லை. பொய்யைத்தான் வாசித்தேன். இருபத்திரண்டு உண்மையான கைகள் உயர்ந்தால் என்ன செய்வது? எட்டாம் வகுப்புக் கொப்பியில் பாதியைத்தான், சம்மதம் என்ற பாதியைத்தான், நான் விளங்கியிருக்கிறேன்.

மாமா எழும்பினார். "பேப்பர் எத்தினை மணிக்கு விரிக்கிறது எண்டதுக்குக் கை உயத்துவம். கிணத்தடிச் சேத்தை ஆர் வெட்டிறது, எந்த நேரம் எத்தினை குடம், அதுக்கும் உயத்துவம். ஒரு பிள்ளை குடிக்கலாமோ இல்லையோ எண்டது கூட்டத்துக்கு வாற விசயமில்லை, கதிரவேலு. உதுக்கு வாக்கெடுக்கிறதெண்டால் இந்தக் கதிரையிலை வேறை ஆளை இருத்திப்போட்டு எடு."

ஒரு கையும் உயரவில்லை. கதிரவேலர் கையும் மடியிலேயே கிடந்தது. காலை பத்துக் குடும்பம், பின்னேரம் பத்துக் குடும்பம் என்று முறை வைத்தார்கள்.

28.8.1995, திங்கள்

விடிய வாளியைக் கப்பியில் போட்டேன். மண்பானையைக் கழுவி நிரப்பி, பேணியைக் கவிழ்த்து வைத்தேன். சிவக்கொழுந்து மாமி வந்து வாசல் கதிரையில் இருந்து ஒரு பேணி குடித்துவிட்டு, என்னோடு பேசாமல் போனா. கோபமா? பேணியைக் கழுவித்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறா.

சோமசேகரம் மாமா புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். "நீர் என்னட்டைத் தனியச் சொல்லியிருக்கலாம்" என்றார். சொன்னேனே மாமா, யாப்பைத் திறந்து நீட்டினேனே. சொல்லவில்லை. அவர் முகம் களைத்திருந்தது.

10.9.1995, ஞாயிறு

சுதா கல்லை எடுத்துவிட்டுப் பேப்பரைப் பறக்கவிட்டாள். நாலு பக்கத்துக்காக வாழைக்குள் ஓடினோம். இப்படி ஓடி எத்தனை வருடம்.

செல்விக்குக் கடிதம் எழுதினேன். எப்போது போய்ச் சேருமோ. "நானே வாசிச்சனான்" என்று மட்டும்தான் விசேஷம்.

19.10.1995, வியாழன்

புத்தூர்ப் பக்கம் விடாமல் ஷெல் அடி. பேப்பர் வரவில்லை. வாசிகசாலையைத் திறந்து கூட்டிவிட்டு, வெறும் மேசையில் கல்லை வைத்துவிட்டு வந்தேன்.

24.10.1995, செவ்வாய்

ஊரை விட்டுப் போகிறோம். அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டுகிறார். அரிசிப் பைக்குள் இந்தக் கொப்பியும் அறிக்கைப் புத்தகமும். வாளியைக் கிணற்றிலேயே விட்டேன். யாராவது வருவார்கள்.

12.11.1995, ஞாயிறு – மீசாலை

ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு அறை. எங்கள் மூலைக்கு நேரே கரும்பலகை. அம்மாவின் சேலை அதில் காய்கிறது. மூன்று நாள் மழை. மழையிலும் குடிக்கத் தண்ணீருக்கு அடிபாடு. ஒரு கிணறு, எல்லா ஊர்ச் சனமும். விடிய ஒரு குடம் உடைந்தது, ஒரு அக்காவின் நெற்றியும் உடைந்தது.

எங்கள் வாசிகசாலை இந்நேரம் எப்படி இருக்கும்? அலுமாரியின் மணம் மூக்கில் நிற்கிறது. பழைய பேப்பரும் பூச்சி உருண்டையும். மண்பானையில் மழைத் தண்ணீர் நிறைந்திருக்கும்.

பின்னேரம் கிணற்றடியில் கூடினோம். இந்த ஊர்க்காரர் ஒருவர், கிணற்றுக் காணியின் சொந்தக்காரர், "வெளியாக்களுக்கு ஒரு நேரம் மட்டும்" என்று தொடங்கினார். "ஆர் வெளியாக்கள்?" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். பூரணம் அக்கா. சுதா அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மெலிந்திருக்கிறாள். அக்கா என்னைக் கண்டுவிட்டா. "உந்தா, எங்கடை வாசிகசாலைக் காரியதரிசி நிக்கிறா. அவவைக் கேளுங்கோ" என்றா.

எங்கடை வாசிகசாலை என்றா.

எல்லோரும் பார்த்தார்கள். சத்தம் சின்னதாய்த்தான் வந்தது. ஆனால் வந்தது. "குடிக்கிறதுக்கு எல்லாரும் அள்ளலாம். ஆர் முதல், ஆர் பிறகு எண்டதைத்தான் கதைக்கவேணும்" என்றேன். காணிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அப்ப முதல் ஆர்?" என்று கேட்டார். அதிலிருந்து கதை மாறிவிட்டது. கைக்குழந்தை உள்ளவர்கள் முதல். நோயாளிகள். பிறகு அறை அறையாக.

"உதை எழுதி ஒட்டினால் நல்லது" என்று ஒருவர். அரிசிப் பைக்குள்ளிருந்து அறிக்கைப் புத்தகத்தை எடுத்துவந்தேன். ஆவணிக் கூட்டத்துக்கு அடுத்த பக்கம் வெறுமையாய் இருந்தது. திகதி போட்டேன். இடம், மீசாலை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தெரிந்த குரல்: "எத்தினை பேர் எண்டு சரியாய்ப் போடும், பிள்ளை." சோமசேகரம் மாமா, தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு மழைக்குள் நிற்கிறார். சிரித்த மாதிரி இருந்தது.

ஒவ்வொருவரிடமும் போய்ப் பேர் கேட்டேன். பேர் மட்டும். எழுதி முடித்து, எழும்பி நின்று, எல்லாவற்றையும் வாசித்தேன். கூப்பிடக் கூப்பிட, ஓம், ஓம் என்றார்கள்.

நாற்பத்தேழு பேர். எல்லோரும் வந்திருந்தார்கள்.